சிறுகுறிஞ்சான் இலையைப் பறிக்க மட்டுமல்ல, விற்கவும் உரிமை உண்டு

மதுரை நாட்டு மருந்துக் கடைகளில் பொட்டலம் போட்டு விற்கும் சிறுகுறிஞ்சான் பொடி, ஒரு காட்டுக் கொடியின் இலை. இன்னொரு பெயர் சர்க்கரைக்கொல்லி. பச்சை இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போட்டால், மணல் போல நறநறக்குமே தவிர இனிப்பு தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ருசி திரும்பும். (சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். சர்க்கரை அளவு ஒரேயடியாக இறங்கிவிடலாம்.)

சாப்டூர் பக்கமும் சிறுமலையிலும் இருக்கிற பளியர் பழங்குடியினர் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்துத்தான் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்கள். அவர்கள் ஒரு கூடை இலைக்காகப் பயந்து பயந்து மலை இறங்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூலிகை, கிழங்கு, தேன், மெழுகு, மூங்கில் எல்லாவற்றையும் 'சிறு வன மகசூல்' என்கிறது. வழக்கமாகச் சேகரித்து வந்தவர்களுக்கே அதன் மேல் உடைமை உரிமை. வெட்டுமரம் இதில் சேராது. காடு சரணாலயமாக இருந்தாலும் உரிமை கோரலாம்.

2012இல் விதிகளைத் திருத்தியபோதுதான் முக்கியமான விஷயம் தெளிவானது. இலையைக் காயவைத்துப் பொடியாக்கலாம், வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்கலாம். அதற்கான நடைச்சீட்டை, அதாவது கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை, கிராம சபை அமைக்கும் குழுவே தரும். சேகரிப்புக்கு எந்தக் கட்டணமும் கிடையாது.

சரி, எப்படிக் கேட்பது? நிலத்துக்கு 'ஏ' படிவம் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். மகசூல் போன்ற சமூக உரிமைக்குத் தனியாக 'பி' படிவம் உண்டு. ஊரே சேர்ந்து அதை, கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பழங்குடியினர் 13.12.2005க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து, பிழைப்புக்கு அதை நம்பியிருந்தால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் 75 ஆண்டுகள் அப்படி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். பழைய காகிதம் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள், விண்ணப்பதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சான்றுதான்.

கிராம சபைத் தீர்மானம் பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மனு போடலாம். அப்புறம், அங்கும் தள்ளினால், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போக இன்னொரு 60 நாள் உண்டு.