லைட் எரிகிறது, சத்தம் வரவில்லை: புது கார் செட் வாங்கும் முன் ஒரு நிமிடம்

"செட் போயிடுச்சுண்ணே, புதுசு ஒண்ணு மாட்டிடுங்க." வண்டியை விட்டு இறங்கும்போதே இப்படிச் சொல்பவர்கள் நிறைய. நான் கேட்பது ஒரே கேள்விதான்: திரையில் லைட் வருகிறதா? வருகிறது, பாட்டின் பெயர் ஓடுகிறது, நொடிகள் நகர்கின்றன, ஸ்டேஷன் கூட மாறுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் அந்த செட்டுக்கு உயிர் இருக்கிறது. வாயைத்தான் மூடியிருக்கிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஊமையாகி வந்த வண்டிகளில் செட்டையே மாற்ற வேண்டியிருந்தது குறைவு. ஒரு வயர், ஒரு செட்டிங், ஒரு எர்த் முனை (வண்டியின் இரும்பு உடலில் சேரும் வயரின் முனை), பெரும்பாலும் இதில் ஒன்றோடு வேலை முடிந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், வண்டியில் 4 ஸ்பீக்கர் இருக்கின்றன, நான்கும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நொடியில் சாகுமா? ஒன்று மட்டும் பாடவில்லை என்றால் அந்த ஸ்பீக்கரோ அதற்குப் போகும் வயரோ போயிருக்கும். நான்கும் சேர்ந்து அடங்கினால் எங்கிருந்தோ செட்டுக்கு "பேசாதே" என்று உத்தரவு போயிருக்கிறது, இல்லையென்றால் அது எதற்கோ பயந்து தானே அடங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

சிரிப்பு வரும் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒருமுறை டேஷ்போர்டைக் கழற்றி, இரண்டு கிளிப்பையும் உடைத்து, செட்டை வெளியே இழுத்து, வயர் வயராக மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சும்மா திரையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், சத்தத்தை முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் பங்கிடும் ஃபேடர் செட்டிங் முழுக்கப் பின்னால் தள்ளியிருந்தது. அந்த வண்டியில் பின்னால் ஸ்பீக்கரே கிடையாது. சத்தம் எல்லாம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக் குழந்தை திரையில் விரலை வைத்து விளையாடியதாக வண்டிக்காரர் அப்புறம்தான் சொன்னார். அன்றிலிருந்து ஃபேடர், பேலன்ஸ் (இடது, வலது பங்கு), மியூட் மூன்றையும் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை.

அதே மாதிரி ப்ளூடூத். ஃபோனில் வால்யூம் தனி, செட்டில் வால்யூம் தனி, ஃபோனில் குறைத்து வைத்துவிட்டு செட்டை எவ்வளவு திருகினாலும் முனகல்தான் வரும். ரேடியோ, யூஎஸ்பி, ப்ளூடூத் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏதோ ஒன்றில் மட்டும் சத்தம் இல்லை என்றால் ஸ்பீக்கர் பக்கமே போக வேண்டாம். இன்னொரு துப்பும் உண்டு. சில வண்டிகளில் சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் "பீப்" எல்லாம் பாட்டு வரும் அதே ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். உங்கள் வண்டி அப்படியானதாக இருந்து, "பீப்" கேட்கிறது, பாட்டு மட்டும் கேட்கவில்லை என்றால் அந்த "பீப்" வரும் ஸ்பீக்கரும் அதன் வயரும் நன்றாக இருக்கின்றன.

எல்லோரும் முதலில் ஓடுவது ஃபியூஸுக்கு. பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் திரை ஒழுங்காக எரிகிறது என்றால் செட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சத்தத்தைப் பெருக்கும் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்திருந்தால் கதை வேறு, அதன் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: 10 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று அந்த இடத்தில் 20 போடாதீர்கள், வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகாதீர்கள். அப்புறம் எரியப்போவது வயர்.

இப்போது செட் எதற்குப் பயப்படுகிறது என்பதைப் பார்ப்போம். செட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் அலுமினியக் கட்டிக்கு உள்பக்கம் ஒரு பவர் ஐசி இருக்கும், டிடிஏ 7388 மாதிரி, 4 ஸ்பீக்கரையும் ஓட்டுவது அது ஒன்றுதான். பழைய காலத்து ரேடியோக்களில் ஸ்பீக்கருக்கு ஒரு வயரில் சத்தம் போகும், இன்னொன்றை பாடியில், அதாவது வண்டியின் இரும்பு உடலில், சேர்த்துவிடுவார்கள். இந்த ஐசியில் அப்படி இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டிலுமே சத்தம் போகிறது, ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு அதிக சத்தம் எடுக்க இது ஒரு உத்தி. (அப்படியும் 4 ஓம் ஸ்பீக்கரில் ஒரு சேனலுக்கு நிஜமாகக் கிடைப்பது ஏறக்குறைய 20 வாட்தான். பெட்டியில் போட்டிருக்கும் 50 வாட் ஒரு கண நேர உச்சம்.) அதனால் பாட்டு ஓடாத நேரத்திலும் இரண்டு வயரிலும் பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். மைனஸ் என்று பெயர் இருக்கிறதே என்று அதை பாடியில் தொட்டால் அந்த 6 வோல்ட் நேராக எர்த்தாகிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் இதை நான் செய்தேன். பழைய வண்டி, பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் மைனஸ் பாடியிலேயே சேர்த்திருந்தது, வயர் மிச்சம் என்று அதிலேயே புது செட்டை இணைத்தேன். மூன்று நொடி பாடியது. அப்புறம் லேசாக ஒரு கருகல் வாசனை. ஐசி மாற்றிக் கொடுத்தது என் கைக்காசில்தான்.

இன்றைய ஐசிக்களில் இதற்குப் பாதுகாப்பு உண்டு. எங்காவது ஸ்பீக்கர் வயர் பாடியில் பட்டால் ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிவிடும். பல செட்டுகளில் ஒரு கதவின் வயர் பட்டால் போதும், நான்கு பக்கமும் அடங்கிவிடும். இதை மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் நல்ல செட்டைத் தூக்கிப்போட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் வந்தார். சத்தம் நின்றுபோனதும் வேறொரு இடத்தில் புது செட் மாட்டியிருக்கிறார், இரண்டு நாள் பாடிவிட்டு அதுவும் ஊமை. "இதுவும் டூப்ளிகேட்தான் போல" என்று நொந்துபோயிருந்தார். நான் பேச்சுக்கொடுத்தபடியே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன், செட்டை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தேன், பாடியது. கதவைச் சாத்தினேன், நின்றுவிட்டது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில், கீலுக்குப் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும் பாருங்கள், பவர் விண்டோ, லாக், ஸ்பீக்கர் எல்லா வயரும் அதன் வழியாகத்தான் கதவுக்குள் போகும். அதைப் பிதுக்கி வெளியே இழுத்தால், ஸ்பீக்கர் வயரில் ஒரு அரை அங்குலத்துக்கு மேல்தோல் உரிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து நின்றது. கதவைச் சாத்தும்போதெல்லாம் அந்த இடம் மடங்கி, ஓட்டையின் இரும்பு விளிம்பில் உரசியிருக்கிறது. வெட்டி, புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறையான ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். அவருடைய பழைய செட்டையும் மாட்டிப் பார்த்தோம். அதுவும் நன்றாகப் பாடியது. மனிதர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால். ஆனால் டேஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவு நேரம் காத்திருங்கள். மஞ்சள் உறை போட்ட ஹார்னஸும் (வயர்க் கட்டும்) மஞ்சள் கனெக்டரும் கண்ணில் பட்டால் அவை ஏர்பேக்குடையவை, மீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ அதில் வைக்கவே கூடாது. செட்டுக்கு வரும் ஒற்றை மஞ்சள் வயரோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் தடித்த ஆரஞ்சு நிறக் கேபிளுக்கும் இதே விதி. கழற்றும்போது இன்னொன்று, சில செட்டுகள் பேட்டரி இணைப்பு போய்த் திரும்பினால் ரகசியக் கோட் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். கோட் எங்கே இருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு அப்புறம் கை வையுங்கள்.

வெளியில் வாங்கி மாட்டும் செட்டுகளில் நிறங்கள் அநேகமாக ஒன்றுதான். மஞ்சள் எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் மைனஸ். கம்பெனியிலிருந்தே வந்த செட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு அந்த வண்டியின் வயரிங் படம்தான் வேண்டும்.

ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் செட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். செட்டின் பின்னால் பொதுவான ஐஎஸ்ஓ சாக்கெட் (கனெக்டர் ஜோடி) என்றால் பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கழற்றினால் போதும், கறுப்பு பவருக்கானது. கையில் உள்ள ஏதாவது ஒரு நல்ல 4 ஓம் ஸ்பீக்கரை செட்டின் வெள்ளை வயர் ஜோடியில் நேரடியாக இணைத்து, செட்டுக்கு மறுபடி பவர் கொடுத்து, குறைந்த வால்யூமில் பாடவிடுங்கள். பாடினால் செட் நல்ல செட். குற்றவாளி வண்டிக்குள் ஓடும் வயரில் இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எதைச் சேர்த்ததும் சத்தம் நிற்கிறதோ அந்தக் கதவைத் திறங்கள். சோதனை ஸ்பீக்கரிலும் பாடவில்லை என்றால் வெள்ளை வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் ஐசி விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, பாட்டு அதுவரை வந்து சேரவில்லை, அல்லது மியூட்டில் இருக்கிறது. பூஜ்யம் என்றால் ஐசியை யாரும் எழுப்பவில்லை, அல்லது போய்விட்டது. அது ஒர்க்‌ஷாப் வேலை.

மியூட்டுக்கென்றே ஒரு வயர் பல செட்டுகளில் தொங்கும், ஃபோன் வந்தால் பாட்டை நிறுத்துவதற்காக வைத்தது. எதிலும் சேர்க்காமல், முனையில் டேப்பும் சுற்றாமல் விட்டிருந்தால் ஒரு குலுக்கலில் பாடியில் பட்டு, செட் யாரோ ஃபோன் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருக்கும். 2 அங்குல டேப்பில் தீரும் வேலை.

ஸ்பீக்கரைச் சோதிக்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று போதும். செட்டிலிருந்து பிரித்த ஜோடியில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் "டப்" என்று கேட்கும், பிளஸ் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும். மீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3.5 சொச்சம் காட்டும், பயப்பட வேண்டாம், அதுதான் சரி. ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது, அல்லது வழியில் வயர். நடுவில் ஆம்ப் இருக்கும் வண்டியில் மட்டும் இந்தச் சோதனையை செட் பக்கத்திலிருந்து செய்யாதீர்கள், அங்கிருந்து போவது ஸ்பீக்கருக்கு இல்லை, ஆம்புக்கு.

ஆம்ப் என்றதும் அடிக்கடி வரும் ஒரு புகார் ஞாபகம் வருகிறது: ரேடியோ நன்றாகப் பாடுகிறது, யூஎஸ்பிக்கு மாற்றினால் ஊமை. செட் கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். பின்னால் போய்ப் பார்த்தால், ஆம்பை எழுப்பும் ரிமோட் வயரை முழு நீலத்தில் சேர்த்திருப்பார்கள். முழு நீலம் ஆன்டெனாவுக்கானது, பல செட்டுகளில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் அதில் 12 வோல்ட் வரும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டதில்தான் ஆம்பைச் சேர்க்க வேண்டும். ஆம்பில் லைட்டே வரவில்லை என்றால் ரிமோட், ஃபியூஸ், எர்த், இந்த வரிசையில் பாருங்கள். எர்த்தில் பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கி வைத்திருப்பார்கள், கொஞ்ச நாள் ஓடும், துரு ஏறியதும் நின்றுவிடும். சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முறுக்குங்கள். சிவப்பில் "ப்ரொடெக்ட்" லைட் எரிந்தால் பெரும்பாலும் மறுபடியும் அதே கதை, ஸ்பீக்கர் வயர் எங்கோ படுகிறது.

சில ஐரோப்பிய வண்டிகளில் செட், ஆம்ப், ஃபோன் பெட்டி எல்லாம் கண்ணாடி இழை மாதிரியான ஒளிக்கேபிளில் வளையமாகக் கோர்த்திருக்கும். வளையத்தில் ஒன்று செத்தால் மொத்தமும் மௌனம். டிக்கியில் தண்ணீர் இறங்கி ஆம்ப் நனைந்தால் முன்னால் இருக்கும் செட்டைச் சந்தேகப்படுவார்கள். அந்த மாதிரி வண்டியை நான் ஸ்கேன் கருவி இல்லாமல் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

கடைக்குக் கொண்டுவருவதானால் ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டு வாருங்கள்: சத்தம் நிற்பதற்கு முன் ஒரு வாரத்தில் வண்டியில் என்ன வேலை நடந்தது? பேட்டரி மாற்றியது, கதவுக் கண்ணாடி சரிசெய்தது, ஸ்பீக்கர் வலை மேலேயே வாட்டர் வாஷ் அடித்தது, ரிவர்ஸ் கேமரா மாட்டியது. "அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்" என்று பலர் சொல்வதே இல்லை, நானாகத் துருவிக் கேட்டால்தான் வரும். போன மாதம் ஒருவர், கதவு லைனிங்கை மாட்டும்போது ஒரு ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டு கொஞ்சம் நீளமான வேறொன்றைப் போட்டதாக, கிளம்பும் நேரத்தில் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஸ்க்ரூ ஸ்பீக்கர் வயரின் நடுவே ஏறியிருந்தது.