அயனி ஆரம்: வட்டை இல்லாத சக்கரம்

சாப்பாட்டு உப்பின் படிகத்தை, அணுக்களைப் படமாகக் காட்டும் ஜேமால் மாதிரி ஒரு மென்பொருளில் திறந்து, 'ஸ்பேஸ்ஃபில்' கட்டளை கொடுத்தால் சோடியமும் குளோரினும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து குழைந்த உருண்டைகளாகத் தெரியும். அதிலும் சோடியம்தான் பெரிசு. அதே கட்டளையோடு 'அயானிக்' என்று சேர்த்துப் பாருங்கள், சோடியம் சட்டென்று சுருங்கி, பெரிய குளோரைடு உருண்டைகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பொருள் அதேதான், மாறியது ஆரம் மட்டும்.

சரி, ஆரம் என்றால் என்ன? மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே இருக்கும் குடத்திலிருந்து வெளிவிளிம்பான வட்டை வரை போகிற கட்டைக்கு ஆரக்கால் என்று பெயர். அந்த ஆரம்தான் இது. 'ரேடியஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கும் ஆரக்கால் என்றே பொருள், வடமொழியில் 'அர' என்றாலும் அதேதான் (எது எதிலிருந்து வந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை). இலங்கைப் பாடநூல்களில் இது 'ஆரை'.

எலக்ட்ரானை இழந்தோ கூடுதலாகப் பெற்றோ மின்சுமை ஏறிய அணுதான் அயனி, அதன் பெயர் இன்னும் சுவையான கதை. 1834இல் மைக்கேல் ஃபாரடே, வில்லியம் ஹியூவெல் எடுத்துக்கொடுத்த கிரேக்கச் சொல்லை வைத்து 'அயான்' என்று பெயரிட்டார். 'போவது' என்று பொருள், கரைசலில் மின்முனையை நோக்கிப் போகிறதல்லவா. தமிழில் அயனி என்பது ஒலியைப் பார்த்து எழுதியதுபோலத்தான் தெரிகிறது, ஆனால் உத்தராயணத்தில் இருக்கும் 'அயனம்' என்ற வடசொல்லுக்கும் போதல் என்றே பொருள், இரண்டுக்கும் வேரும் ஒன்றுதான். கன்னியாகுமரிக்காரர்களுக்கு அயனி என்றதும் மரம்தான் நினைவுக்கு வரும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இலங்கையில் 'அயன்' என்றே எழுதுகிறார்கள். எனக்கு அயனி போதும், புதிதாக ஒன்று தேட வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், அணுவுக்குக் கரு என்ற குடம் உண்டு, வட்டை கிடையாது. எலக்ட்ரான் மேகம் வெளியே போகப் போக மெலிந்துகொண்டே போகும், இதுதான் விளிம்பு என்று எங்கும் கோடு இல்லை. அதனால் எதற்காக அளக்கிறோமோ அதற்கேற்ப ஆரம் மாறும். பிணைப்பில்லாமல் இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்க முடியும் என்று கேட்டால் வருவது வாண்டர்வால்ஸ் ஆரம்: 1964இல் பொண்டி தொகுத்த பட்டியலில் சோடியத்துக்கு 2.27, குளோரினுக்கு 1.75 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரை ஆயிரம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு). கூட்டினால் 4.02. ஆனால் உப்புப் படிகத்தில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரமே 2.82தான், பிறகு உருண்டைகள் குழையாமல் என்ன செய்யும்? 1976இல் ஷானன் வெளியிட்ட அயனி ஆரங்களைப் போட்டால் 1.02, 1.81. கூட்டுத்தொகை 2.83, கச்சிதம்.

வெளி எலக்ட்ரானை இழந்ததால் சோடியம் சுருங்கியது, இது பள்ளிப்பாடம். பலர் கோட்டைவிடுகிற இடம் வேறு. கோப்பில் மின்சுமை எழுதியிருக்காவிட்டால் அது அணுவா அயனியா என்று மென்பொருளுக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அப்புறம், பந்தும் குச்சியுமாகக் காட்டும் படங்களில் பந்தின் அளவு பெரும்பாலும் வாண்டர்வால்ஸ் ஆரத்தில் ஏதோ ஒரு பங்குதான், கண்ணுக்கு வசதியாக வைத்தது. அதில் அளவுகோலை வைத்துப் பார்க்கக் கூடாது.

'ஸ்பேஸ்ஃபில்' என்பதற்கு 'இடநிரப்பு' என்று எழுதலாம் என்பது என் கட்சி. 'இடநிரப்பு, அயனி ஆரம்' என்று படத்துக்குக் கீழே போட்டுவிட்டால் பார்ப்பவருக்குக் குழப்பமில்லை.

ஹைட்ரஜன் அயனியை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருந்த ஒரே எலக்ட்ரானும் போய்விட்டது, மிச்சம் வெறும் புரோட்டான். வட்டை மட்டுமல்ல, ஆரக்காலும் இல்லாத குடம். உண்மையான அளவில் வரைந்தால் திரையில் ஒரு புள்ளிகூடத் தேறாது.