எக்செஸ், அம்ப்ரெல்லா: கட்டடக் காண்ட்ராக்டரின் மேலடுக்குக் காப்பீட்டுக்கு உரிய தமிழ்ச் சொற்கள்

பாளையங்கோட்டையில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர் ஒருவர், டெண்டருடன் இணைக்க வேண்டிய இன்சூரன்ஸ் தாள்களை என்னிடம் கொண்டுவந்து விரித்து வைத்தார். ஒரு தாளில் ‘எக்செஸ்’ என்ற சொல்லுக்கு நேரே 1 லட்சம் ரூபாய் இருந்தது. அடுத்த தாளில் அதே சொல்லுடன் 1 கோடி ரூபாய் இருந்தது. “அண்ணாச்சி, இந்த ரெண்டு எக்செஸும் நமக்கு மேக்கொண்டு தருவாவளா?” என்று கேட்டார். முதல் தாளில் உள்ளது அவருக்கு வருகிற பணமன்று. ஒவ்வொரு இழப்பிலும் அவர் தம் கையிலிருந்து முதலில் போட வேண்டிய பணம். இரண்டாவது தாளில் உள்ளதுதான் மேற்கொண்டு கிடைக்கும் காப்பு. ஒரே சொல் அடியில் கழிக்கப்படுவதையும் உச்சியில் கூட்டப்படுவதையும் குறிக்கும்போது, அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பது ஒருவருடைய வீட்டையும் நிலத்தையும் தொடுகிற கேள்வியாகிவிடுகிறது.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கட்டட வேலைக்கு எடுக்கப்படும் ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசியில் இரண்டு பிரிவுகள் உண்டு. முதற்பிரிவு கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கே நேரும் சேதத்துக்கும், இரண்டாம் பிரிவு அந்த வேலையால் வெளியாருக்கு நேரும் காயம், உயிரிழப்பு, சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கும் உரியவை. இந்த இரண்டாம் பிரிவுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். அந்த வரம்பு 50 லட்சம் ரூபாய் என்றும், சாரம் சரிந்து தெருவில் போனவர்கள்மேல் விழுந்ததற்கு நீதிமன்றம் 1 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மேலே ஒன்றும் இல்லையென்றால் மீதி 80 லட்சத்துக்குக் காண்ட்ராக்டரின் சொந்தச் சொத்துதான் பதில் சொல்ல வேண்டும். மேலே 1 கோடி ரூபாய்க்குத் தனியாக ஒரு பாலிசி இருந்தால், அந்த 80 லட்சத்தை அது கொடுத்துவிடும். இந்த மேல் பாலிசியே நம் பேச்சுக்குரியது. சாரத்திலிருந்து விழுகிற அவருடைய வேலையாட்களான சித்தாளும் நிமிந்தாளும் வெளியார் கணக்கில் வரமாட்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கான இழப்பீடு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட விதிகளின் வழியே வருவது, அதற்கான பாலிசியும் வேறு.

ஆங்கிலத்தில் இதன் நடுச்சொல் ‘லையபிலிட்டி’. ‘கட்டுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக வந்து இந்தச் சொல்லாயிற்று என்பர்; கட்டப்பட்டவன், விலக முடியாதவன் என்பது அதன் கருத்து. தமிழில் ‘கடப்பாடு’, ‘பொறுப்பு’ என்ற இரண்டு சொற்களும் இதற்கு எடுத்தாளப்படுகின்றன. குறளில் கடப்பாடு என்பது கைம்மாறு கருதாத மழையின் கொடைக்கு ஒப்பாகச் சொல்லப்படுவது. அந்த உயர்ந்த சொல்லைச் சேதக் கணக்கில் இழுத்து வர எனக்கு மனம் வரவில்லை. பொறுப்பு என்பது ‘பொறு’ என்ற வினையிலிருந்து வந்தது. பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். பொறை என்றால் சுமை. ஆங்கிலச் சொல் கட்டிப் போடுகிற இடத்தில் தமிழ்ச் சொல் சுமை ஏற்றி வைக்கிறது. தூணும் உத்தரமும் எதை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்தே பிழைக்கும் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை. ‘காப்பீடு’ என்பதிலும் குறையில்லை. ஈடு என்பது இழந்ததற்குச் சமமாகக் கொடுப்பது. இலங்கையில் வழங்கும் ‘காப்புறுதி’ உறுதிமொழியைச் சொல்கிறது. நம் சொல் கொடுக்கப்படும் பணத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

சிக்கல் ‘எக்செஸ்’ என்ற முன்னடையில்தான் இருக்கிறது. அகராதி பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் ‘மிகைப் பொறுப்புக் காப்பீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் மிகை என்றால் அதிகம் மட்டுமன்று. தேவைக்கு மேற்பட்டது, வேண்டாதது என்ற நிழலும் அதில் விழுகிறது. ‘மிகைப்படுத்திச் சொல்லாதே’ என்கிறோம். வேண்டாத பாலிசி என்று காதில் விழுகிற பெயரைக் கேட்டு யார் பிரீமியம் கட்டுவார்கள்? ‘கூடுதல்’ என்பது பரவாயில்லை, ஆனால் கூடுதல் தொகை எங்கே தொடங்குகிறது என்பதை அது சொல்லவில்லை. திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தச் சொல்லைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் நிற்கிறது. கீழடுக்கு, மேலடுக்கு என்பவை நம் வாயில் அன்றாடம் புழங்குகிற சொற்கள். அடிப்படைப் பாலிசி கீழடுக்கு, அதன் வரம்பு முடிகிற உயரத்தில் தொடங்குவது மேலடுக்கு. ஆகவே ‘மேலடுக்குப் பொறுப்புக் காப்பீடு’ என்று எழுதுவதே சரி என்பது என் துணிபு. இந்தச் சொல் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லும். கீழே உள்ள பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டால் மேலடுக்கு இறங்கி வந்து அந்த இடத்தை நிரப்பாது; அது தொடங்கும் உயரம் அப்படியேதான் இருக்கும். நடுவே திறந்து கிடக்கும் 50 லட்சம் காண்ட்ராக்டரின் தலைமேல் விழும்.

‘அம்ப்ரெல்லா’ இதிலிருந்து சற்று வேறானது. நிழல் என்று பொருள்படும் லத்தீன் சொல் இத்தாலி மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் குடையின் பெயராயிற்று. மேலடுக்கு, கீழ்ப் பாலிசியின் விதிகளையே பெரும்பாலும் பின்பற்றி வரம்பை மட்டும் உயர்த்தும். குடையோ ஒரே வேளையில் பல கீழ்ப் பாலிசிகளுக்கு மேலே கவிவதோடு, அவை தொடாத சில இழப்புகளையும், காண்ட்ராக்டர் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாமே ஏற்ற பிறகு, தன் நிழலில் சேர்த்துக்கொள்ளக் கூடும். இங்கே ‘குடைக் காப்பீடு’ என்று நேராகவே சொல்லலாம். இந்த உருவகம் ஆங்கிலத்திடம் வாங்கிய கடனும் அன்று. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம், உன் குடை வெயிலை மறைக்கப் பிடித்ததன்று, வருந்திய குடிகளை மறைக்கப் பிடித்தது என்கிறார். அந்தப் பாட்டைப் பாடி அவர் பெற்ற பரிசு, நிலத்தின் மேலிருந்த பழைய கடனிலிருந்து விடுதலை. குறள் 389இல் சொற்பொறுக்கும் வேந்தனின் கவிகைக்கீழ் உலகு தங்கும் என்று வருகிறது. கவிகை என்பது குடை. பொறுத்தலும் குடையும் ஒரே குறளில் கூடியிருப்பதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இரண்டுக்கும் வேறு வேறு பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள டவுன் தெருக்களே சாட்சி. அங்கே பழைய வீடுகள் பல, ஒரே சுவரை இருபுறமும் பங்கிட்டு நிற்கின்றன. ஒரு வீட்டை இடித்து வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினால் பக்கத்து வீட்டுச் சுவரின் பிடிமானம் போகும். முதலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, பிறகு கதவு நிலையோடு பொருந்தாமல் இழுக்கும், பிறகு சுவரே சாயும். அதிர்வாலும் தாங்குமானம் தளர்வதாலும் நேரும் இந்தச் சேதம், அடிப்படைப் பாலிசியில் தனியாகக் கேட்டுச் சேர்த்தாலொழிய வருவதில்லை. கீழடுக்கில் இல்லாததைப் பின்பற்றி வரும் மேலடுக்கும் அதைக் கொடுக்காது. குடை கொடுக்குமா என்பது அந்தப் பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. மேலடுக்கு, குடை என்று பெயரிலேயே வேறுபாடு தெரிந்தால் அந்தக் கேள்வியை வானம் தோண்டும் முன்பே கேட்டுவிடலாம்.

கழிக்கப்படும் ‘எக்செஸ்’ஸுக்கு நான் ‘கைப்பங்கு’ என்று எழுதுகிறேன். அன்று வந்த காண்ட்ராக்டர் பென்சிலை வாங்கி, 1 லட்சத்துக்குப் பக்கத்தில் ‘கைப்பங்கு’ என்றும் 1 கோடிக்குப் பக்கத்தில் ‘மேலடுக்கு’ என்றும் எழுதிக்கொண்டு, வானம் தோண்டுவதற்குத் தனிச் சேர்க்கை உண்டா என்று ஏஜென்டுக்குப் போன் போட்டார்.