சிஎன்சி ரூட்டர் வாங்கும் முன் உங்கள் ஆர்டர் நோட்டைப் புரட்டுங்கள்

மறுபடியும் ஒரு சின்னப் பட்டறை, மறுபடியும் துணி போர்த்திக் கிடக்கும் ஒரு சிஎன்சி ரூட்டர், அதாவது கணினி சொல்லும் பாதையில் மரத்தை வெட்டும் மெஷின். அதன் மேல் பிளைவுட் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கிப் போட்ட மெஷின். இவற்றை நிறுவிப் பழக்கிக் கொடுப்பதுதான் என் தொழில் என்பதால், பார்க்கும்போது வயிறு எரிகிறது.

"பட்டனை அழுத்தினால் அதுவே வெட்டும், நான் வேறு வேலை பார்க்கலாம்." எல்லோரும் சொல்வது இதைத்தான். சரி, வெட்டுவது அதுதான். வரைவது யார்? பிட், அதாவது சுழன்று வெட்டும் அலகு, போகும் பாதையைக் கணினியில் போடுவது யார்? பலகை அசையாமல் பிடிப்பது, வெட்டு தொடங்கும் புள்ளியை மெஷினுக்குக் காட்டிப் பூஜ்யம் வைப்பது, கழிவுத் துண்டில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் உங்கள் நேரம். 18 மி.மீ. என்று வாங்கிய பிளைவுட் அளந்தால் 17.5 இருக்கும், அளக்காமல் ஓட்டினால் பலகை சொருகும் காடி லொடலொடவென்று நிற்கும். வெட்டி முடித்த பிறகும் உப்புத்தாள் வேலை அப்படியே இருக்கிறது. உள்மூலைகளுக்கு உளி எடுத்தே ஆக வேண்டும். 6 மி.மீ. பிட் போன மூலையில் 3 மி.மீ. ஆர வளைவு நிற்கும், மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

ஓடும் மெஷினை விட்டுப் போகவும் கூடாது. புதிதாக வாங்கியவர்கள் பயந்துபோய் நகரும் வேகத்தைக் குறைக்கிறார்கள், பிட்டின் சுழற்சியை மட்டும் நிமிடத்துக்கு 18,000 சுற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டு வெட்டுமுனை உள்ள பிட் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகர்ந்தால், ஒவ்வொரு முனையும் 0.1 மி.மீ. சீவும். 900-க்கு இறக்கினால் 0.025 தான். அது சீவல் இல்லை, உரசல். விளிம்பு கருகும், பிட் மழுங்கும். கங்கு ஒன்று தூசி உறிஞ்சிக்குள் போனால் பட்டறையே பற்றிக்கொள்ளும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு நாற்காலிக் காலை டெம்ப்ளேட் (மாதிரிப் பலகை) வைத்து, அதன் விளிம்பைத் தொட்டபடி ஓடும் பேரிங் பிட் போட்ட கை ரூட்டரில் 20 நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்று வையுங்கள். மெஷினில் ஒரு காலுக்கு உங்கள் நேரம் 8 நிமிடம், மிச்சம் 12. முன்தயாரிப்புக்கு 3 மணி நேரம் ஆனால், 15 கால் வெட்டினால்தான் போட்ட நேரமே திரும்பும். ஆனால் அதே கால் அடுத்த மாதமும் வந்தால் ஃபைல் இருக்கிறது, பிடிப்பு இருக்கிறது, அரை மணியில் தயார். மூன்றாவது காலிலிருந்தே லாபம். அதனால் ஒரு தடவைக்கு எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். அதே உருப்படி திரும்ப வருகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஆர்டரும் புது அளவு, புது வடிவம் என்றால் நல்ல டெம்ப்ளேட்டும் கை ரூட்டரும் போதும். எழுத்துச் செதுக்கல், புடைப்புச் சிற்பம் மாதிரி வேலைகள் விதிவிலக்கு. அங்கே ஒற்றை உருப்படிக்கே மெஷின் கைகொடுக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன், போன வருட ஆர்டர்களில் திரும்ப வந்தவற்றை வட்டம் போடுங்கள். அதில் ஒன்றை மெஷின் வைத்திருக்கும் யாரிடமாவது கூலிக்கு வெட்டக் கொடுங்கள். பக்கத்திலேயே நின்று, வரைவதில் தொடங்கி உப்புத்தாள் வரை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவர் காட்டும் வீடியோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து, தூசி உறிஞ்சியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போது கிளம்பும் தூள் இன்னும் நைஸ், அதில் நிறைய கண்ணுக்கே தெரியாது. உறிஞ்சியையும் நல்ல முகக்கவசத்தையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.