உளி நிற்க, மரம் சுற்ற: கடைசலுக்குள் நடக்கும் இயற்பியல்

வட சென்னையில் லேத், அதாவது கடைசல் இயந்திரம், என்றதும் இரும்புதான் நினைவுக்கு வரும். பட்டறையில் ஷாஃப்ட் கடைவார்கள், புஷ் கடைவார்கள். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் கையில் மரக்கடைசலும் எப்போதும் இருந்திருக்கிறது. பம்பரம் ஒன்று, கேரம் காய் இன்னொன்று. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைக்காரர். போட்டி விதிப்படி கேரம் காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை, எடை 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கலாம். அவ்வளவு நுணுக்கமாக மரத்தை வட்டமாக்கும் வேலையை, மொட்டை மாடி அறையில் ஒரு சின்ன லேத்தை வைத்துக்கொண்டு தானாகவே கற்கலாம். கையைப் பிடித்துச் சொல்லித்தர வாத்தியார் இல்லாவிட்டாலும், என்ன நடக்கிறது என்று புரிந்தவருக்கு மரமே பதில் சொல்லும்.

தச்சு வேலையில் மரம் கிடக்கும், உளி நகரும். கடைசலில் மரம் சுற்றும், உளி அதன் வழியில் காத்திருக்கும். வெட்டும் விசை மோட்டாரிலிருந்து வருகிறது. கைக்கு இருக்கும் வேலை, உளியைச் சரியான கோணத்தில் நிறுத்துவதுதான்.

அந்தக் கோணத்தின் சூட்சுமம், உளியின் வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, பின்னால் சாணை பிடித்திருக்கும் சரிவில் இருக்கிறது. முதலில் உளியை டூல் ரெஸ்ட்டின், அதாவது லேத்தில் உளியைத் தாங்கும் சட்டத்தின், மேல் உறுதியாக வைக்க வேண்டும். அடுத்து, சரிவின் பின்பகுதி சுற்றும் மரத்தில் உரசட்டும். இந்த நிலையில் எதுவும் வெட்டாது. அப்புறம் கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் ஒரு கட்டத்தில் வாய் மரத்தைத் தொடும், சீவல் சுருண்டு வரத் தொடங்கும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. சரிவு மரத்தில் படிந்திருக்கும் வரை, உளி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அதுவே கட்டுப்படுத்துகிறது. சரிவு விலகி வாய் மட்டும் மாட்டினால், சுற்றும் மரம் வாயைக் கீழே இழுக்கும். இழுத்தால் வெட்டு ஆழமாகும், ஆழமானால் இழுப்பு இன்னும் கூடும். ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழற்சி கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். தடக் என்று ஒரு சத்தம், மரத்தில் ஒரு பள்ளம். கற்பவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். காரணம் தெரிந்தால் பயம் பாதி குறையும்.

மீதிப் பாதி டூல் ரெஸ்ட்டில் இருக்கிறது. அதுதான் இங்கே நெம்புகோலின் ஆதாரப் புள்ளி. கையிலிருந்து ரெஸ்ட் வரை 40 செ.மீ., ரெஸ்ட்டிலிருந்து வாய் வரை 2 செ.மீ. என்றால், மரம் அழுத்தும் விசையில் இருபதில் ஒரு பங்கைக் கை தாங்கினால் போதும். மரம் குறையக் குறைய இடைவெளி 8 செ.மீ. ஆகிவிட்டால், கைக்கு வரும் சுமை நான்கு மடங்கு. அதனால் அவ்வப்போது மோட்டாரை நிறுத்தி, ரெஸ்ட்டை மரத்தின் அருகே நகர்த்த வேண்டும். சோம்பல் படக்கூடாத இடம் இது.

அடுத்தது நார். மரத்தை ஒரு ஈர்க்குக் கட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். பம்பரத்திலும் கட்டில் காலிலும் நார், மரம் சுற்றும் அச்சோடு இணையாக ஓடும். அங்கே பருத்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கம் நோக்கி வெட்ட வேண்டும். வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் அடியில் அதைவிட நீளமான நார் தாங்கலாக இருக்கும், பரப்பு வழுவழுப்பாக வரும். எதிர்த் திசையில் வந்தால் தாங்கல் இல்லாத நார் பிய்ந்து பிசிறடிக்கும்.

கிண்ணம் வேறு கதை. அதில் நார் பெரும்பாலும் அச்சுக்குக் குறுக்காக ஓடுவதால், ஒரே சுற்றில் உளி இரண்டு முறை நாரின் பக்கத்தையும் இரண்டு முறை நாரின் முனையையும் சந்திக்கிறது. கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் பிசிறு தெரிவது இதனால்தான். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து மையம் நோக்கியும் வெட்டுவார்கள். அப்படியும் பிசிறு போகவில்லையா, உளியைச் சாணை பிடித்துக் கடைசியாக ஒரு மெல்லிய வெட்டு. வீடியோ பார்த்துவிட்டு நேரே கிண்ணத்தில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பம்பரத்தில் தொடங்குவதே சரி: கட்டை சிறியது, நார் ஒரே திசையில் ஓடுகிறது, தப்பு எங்கே என்று உடனே தெரிகிறது.

சிறிய கட்டையில் தொடங்க இன்னொரு காரணமும் உண்டு. நிமிடத்துக்கு 1000 சுற்றில் 10 செ.மீ. விட்டமுள்ள கட்டையின் விளிம்பு மணிக்குச் சுமார் 19 கி.மீ. வேகத்தில் போகிறது. 30 செ.மீ. கட்டை என்றால் 57 கி.மீ. இரண்டும் ஒரே மரம், ஒரே தடிமன் என்று வைத்துக்கொண்டால், பெரியதில் சேர்ந்திருக்கும் சுழல் ஆற்றல் 81 மடங்கு! விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. 3 அங்குலத்துக்கு 2000 முதல் 3000 சுற்று, 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. இன்னும் வட்டமாகாத கட்டைக்கு அதைவிடக் குறைவாக வைக்க வேண்டும். ஸ்விட்சைப் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காதீர்கள். முகத்தை முழுதாக மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு கட்டாயம். கையுறை, துப்பட்டா, தொளதொளச் சட்டைக் கை மூன்றும் ஆகாது. மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க்கும் வேண்டும்.

மரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பைன் மரப் பேக்கிங் சட்டங்கள் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். மழைக்காற்றில் சாயும் பூவரசும் வேம்பும் கடைசலுக்கு அருமையானவை. ஆனால் பச்சை மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்த கிண்ணம் முட்டை வடிவமாவது இதனால்தான். எனவே முதலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விட்டுக் கடைந்து, காயவைத்து, மறுபடி லேத்தில் ஏற்ற வேண்டும்.

எவ்வளவு நாள் காயவைப்பது? காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால், மரம் 13 சதவீத ஈரத்தோடு நின்றுவிடும். திருவொற்றியூர், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் அதற்குக் கீழே போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். தொடர்ந்து சில வாரங்கள் எடை இறங்காமல் இருந்தால் கடையலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை கொஞ்சம் ஏறவும் செய்யும். அப்போது தை வரை பொறுப்பது நல்லது.