ரோட்டரி இன்ஜினுக்கு இன்டேக் பைப் எவ்ளோ நீளம் வைக்கணும்?

அமெரிக்காவுல வீட்டு ஷெட்ல சொந்தமா விமானம் கட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதுல ஒரு சின்ன கூட்டம் மட்டும் வழக்கமான லைகமிங் விமான இன்ஜினை விட்டுட்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார்ல இருந்து கழட்டுன 13பி வான்கெல் இன்ஜினை, அதாவது ரோட்டரி இன்ஜினை, வேன்ஸ் ஆர்வி மாதிரி குட்டி விமானத்துல மாட்டுறாங்க. பிஸ்டனும் கிடையாது வால்வும் கிடையாது, ரெண்டு முக்கோண ரோட்டர் சுத்துது, அவ்ளோதான். ஆனா காரோட இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினுக்குள்ள காத்தை கொண்டு போற பைப் அமைப்பு, விமானத்தோட இன்ஜினை மூடுற கவுலிங்குக்குள்ள அடங்குறது கஷ்டம், அதனால அதை புதுசா செய்யணும். எனக்கு இந்த இன்ஜின்ல ரொம்ப பிடிச்ச விஷயமே அந்த மேனிஃபோல்டு கணக்குதான்.

ஒவ்வொரு ரோட்டரும் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தும்போது 654 சிசி காத்தை இழுக்கும். ரெண்டும் சேர்த்தா 1308, அதாவது 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 7800 லிட்டர். இவ்ளோ காத்து பைப்ல சும்மா ஓடாது, துடிச்சு துடிச்சு ஓடும். தண்ணிக் குழாயை டக்குனு மூடுனா பைப் முழுக்க ஒரு அதிர்வு ஓடுமே, அந்த மாதிரி அழுத்த அலை இங்கயும் ஒலியோட வேகத்துல ஓடுது. ரோட்டர் நகர்ந்து இன்டேக் போர்ட் (காத்து உள்ள வர்ற வாசல்) திறக்குற அந்த நொடியில உள்ள மிச்சமிருக்குற எக்ஸாஸ்ட் அழுத்தம் பைப்புக்குள்ள ஒரு தள்ளு தள்ளும். ஒரு போர்ட் ஷாஃப்ட் சுத்துல சுமார் 280 டிகிரி திறந்திருக்கும், ரெண்டு ரோட்டருக்கும் நடுவுல 180 டிகிரி வித்தியாசம், அதனால அந்த தள்ளு கிளம்பி சுமார் 100 டிகிரி கழிச்சு பக்கத்து ரோட்டரோட போர்ட் மூடப்போகுது. மூடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி அலை அங்க போய் சேர்ந்தா கூடுதலா கொஞ்சம் காத்தை உள்ள திணிச்சிடும், டர்போ எதுவும் இல்லாம! 80கள்லயே மாஸ்டா 13பி கார்கள்ல இதைப் பண்ணிடுச்சு.

இப்ப கணக்கு போடலாம். 6000 ஆர்பிஎம்ல ஒரு சுத்துக்கு 10 மில்லிசெகண்ட், 100 டிகிரிக்கு சுமார் 2.8. ஒலி செகண்டுக்கு 345 மீட்டர் போகும்னா அந்த நேரத்துல 95 செ.மீ. கொஞ்சம் முன்னாடியே வந்து சேரணும்ங்கிறதால ஒரு போர்ட்ல இருந்து இன்னொரு போர்ட் வரைக்கும் பைப் வழியா 80–90 செ.மீ. வச்சு ஆரம்பிக்கலாம். போர்ட் டைமிங் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அதை அளந்துட்டுதான் பைப்பை வெட்டணும். இன்னொண்ணு, ரெண்டு பைப்பும் சேர்ற இடத்துல பெரிய பிளீனம் டப்பா (காத்து சேர்ந்து நிக்கிற பெட்டி) வைக்காதீங்க, பார்க்க கம்பீரமா இருக்கும், ஆனா அலை அங்க பாதி கரைஞ்சு போயிடும், மிச்சம் தலைகீழா திரும்பி வரும்.

இது விமானத்துக்கு இவ்ளோ பொருந்துறதுக்கு காரணம் ஆர்பிஎம். 1991ல லெ மான்ஸ் ஜெயிச்ச மாஸ்டா 787பி ரேஸ் காருல டிரைவர் ஆக்சிலரேட்டரை ஏத்தி இறக்கிட்டே இருப்பார், அதனால இன்டேக் நீளமே ஓடும்போது மாறுற மாதிரி வச்சாங்க. விமானத்துல அந்த சிக்கல் வேண்டாம். 2.85க்கு 1 கியர்பாக்ஸ் போட்டா இன்ஜின் 6000ல சுத்தும்போது ப்ரொப்பெல்லர் சுமார் 2100ல சுத்தும், மணிக்கணக்கா கிட்டத்தட்ட அதே வேகம்தான், ஒரே நீளத்துக்கு டியூன் பண்ணிட்டு நிம்மதியா பறக்கலாம். மேல போகப்போக காத்து குளிரும், ஒலி மெதுவாகும், 10,000 அடியில செகண்டுக்கு 328 மீட்டர்தான், அதனால டியூன் ஆன ஆர்பிஎம் லேசா கீழ இறங்கும். பெரிய நஷ்டம் இல்ல.

அலையை விட எனக்கு பயம் வெல்டிங் மேலதான். அதிர்வுல ஒரு சின்ன விரிசல் விழுந்தாகூட கணக்குல வராத காத்து உள்ள போயி எரிபொருள் கலவை லீன் ஆகிடும், அதாவது காத்துக்கு ஏத்த எரிபொருள் இருக்காது, அதனால நீளமான அலுமினிய பைப்பை இன்ஜின் பாடியோட பிராக்கெட் போட்டு பிடிச்சு வைக்கணும், காத்தோட அளவை கட்டுப்படுத்துற த்ராட்டில் தட்டோட ஸ்க்ரூவை கழண்டு வரவே முடியாத மாதிரி நசுக்கி விடணும், ஏன்னா அது ஒண்ணு உள்ள போனா நேரா ரோட்டர்கிட்டதான் போகும், ரோட்டர் முனையில இருக்குற அபெக்ஸ் சீல் உடைஞ்சிடும்.