ஆறு மில்லிமீட்டர் காற்றும் அலாஸ்காக் கப்பலும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜூன் மாதம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அலாஸ்காவுக்குக் கப்பலில் போகிறோம். அடுத்த ஆண்டு நார்வேக்குப் போகவும் எண்ணம். பகலில் 10 டிகிரி இருக்கும் என்கிறார்கள். கேமரன் மலையின் 15 டிகிரியை ஒரே ஸ்வெட்டரில் சமாளித்தோமே, இன்னும் 5 டிகிரிக்கு இவ்வளவு துணி எதற்கு? எந்தத் துறைமுகத்தில் எந்தச் சுற்றுலாவை எடுப்பது?"

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: நம் தோலை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தில்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு விநாடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பு அளவு. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 டிகிரி. தோலைத் தொடும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே ஒட்டி நிற்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் இந்தப் படலத்தின் தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவதால், இந்த 6 மில்லிமீட்டர் நமக்குக் காசில்லாமல் கிடைத்த கம்பளி. கேமரன் மலை விடுதியில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தபோது அது உங்களைவிட்டு நகரவே இல்லை. அதனால்தான் ஒரு ஸ்வெட்டர் போதுமாயிற்று.

இப்போது கப்பல் மேல்தளத்துக்கு வாருங்கள். கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறது, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர். கடலில் இலைகூட அசையாத காலை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் முன்தளத்தில் நிற்பவர் முகத்தில் 37 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கும், ஏனென்றால் நகர்வது கப்பல். அந்த வேகத்தில் 6 மில்லிமீட்டர் படலம் 1 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்துபோகும். வெப்பமானி 5 டிகிரி காட்டும். முகத்துக்கோ அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, சுமார் மைனஸ் அரை டிகிரி.

இதில் ரசிக்கவேண்டிய இடம் அடுத்த படி. எதிர்க்காற்றும் சேர்ந்து வேகம் 74 ஆகிறது என்று கொள்ளுங்கள். குளிரும் இரட்டிப்பாகும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் சுமார் மைனஸ் இரண்டரைதான். முதல் 37 கிலோமீட்டர் ஐந்தரை டிகிரியைப் பிடுங்கியது; அடுத்த 37 இரண்டே டிகிரி. படலம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டதால் இரண்டாவது காற்றுக்குச் சுரண்ட அதிகம் மிச்சமில்லை. ஆகவே சூறாவளிக்குத்தான் ஜாக்கெட் என்று நினைக்கவேண்டாம். மெல்லிய தென்றலே பாதிக் கொள்ளையை முடித்துவிடும். இன்னொரு ஸ்வெட்டரை மாட்டுவதைவிட, மேல்தளத்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டடி நகர்ந்து நிற்பது அதிகப் பலன் தரும்.

இந்தக் கணக்கு வந்த கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1941இல் அண்டார்டிகாவின் லிட்டில் அமெரிக்கா முகாமில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் ஒரு பிளாஸ்டிக் உருளையில் 250 கிராம் தண்ணீர் ஊற்றி, கட்டடக் கூரைமேல் ஒரு கம்பத்தில் தொங்கவிட்டு, வெவ்வேறு காற்றில் அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். முடிவுகள் 1945இல் அச்சேறின. தண்ணீர்ப் புட்டிக்குத் தோலும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை என்பதால் அந்தக் கணக்கு குளிரைக் கொஞ்சம் மிகைப்படுத்தியது. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தின. தன்னார்வலர்களின் முகத்தில் உணர்கருவிகளை ஒட்டி, குளிர்ந்த காற்றுச் சுரங்கத்தில் நடக்கவிட்டு அளந்தார்கள். மேலே சொன்ன எண்கள் அந்தத் திருத்திய சூத்திரத்தில் வந்தவை.

கூரைமேல் தண்ணீர் தொங்கவிடவா அரசுப் பணம் என்று அன்று யாராவது கேட்டிருக்கலாம். இன்று குளிர்நாடுகளில் பள்ளி மைதானத்தைத் திறப்பதா மூடுவதா என்பதைக்கூட அந்தத் தண்ணீரின் வழிவந்த எண்தான் சொல்கிறது. மலேசியா 2011இல் அண்டார்டிகா உடன்படிக்கையில் சேர்ந்தது. வெப்பநாட்டுக்குத் துருவ ஆய்வு எதற்கு என்று கேட்பவர்கள் இங்கேயும் உண்டு. துருவப் பனி உருகினால் பினாங்குக் கடலோரத்திலும் தண்ணீர் ஏறும். துருவ ஆய்வுக்கான பணத்தை வெட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காற்று முதல் திருடன் என்றால், ஈரம் இரண்டாவது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, அது ஆவியாகவும் வெப்பம் வேண்டும். பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் படிகளை ஏறி முடித்தால் சட்டை எவ்வளவு நனையும்? குறைவாக, 100 மில்லி வியர்வை என்றே வைப்போம். அது தோலின்மேல் காய 240 கிலோஜூல் தேவை. விநாடிக்கு 100 ஜூல் தரும் உடம்பு 40 நிமிடம் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் அந்தச் சட்டையைக் காயவைக்கவே போய்விடும். பினாங்கு வெயிலில் அது சுகம். பனிப்பாறை எதிரே 8 டிகிரியில் நின்றால் பல் தந்தியடிக்கும்.

அதனால் உள்ளே பருத்தி கூடவே கூடாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சி விடாமல் வைத்துக்கொள்ளும். முதல் அடுக்கு மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். இரண்டாவது, காற்றைச் சிறைபிடிக்கும் பிளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணி. கோலாலம்பூரில் பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் தேடினால் மலிவாகவே கிடைக்கும். மூன்றாவது, காற்றும் மழையும் புகாத மேலுறை. கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு: துணியை வாயோடு ஒட்டிவைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சு கையில் பட்டால் அது மேலுறைக்கு ஆகாது. பிளீஸில் தாராளமாகப் படும். எவ்வளவு தடிமனான பிளீஸும் தனியாகக் கப்பல் தளத்தில் தோற்பது இதனால்தான். மூன்றையும் சேர்த்துப் போட்டுக் கையைத் தூக்கிப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலணியும் அப்படித்தான்: தடித்த காலுறையோடு அளவு பார்த்து அரை எண் பெரியதாக எடுக்கவேண்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறையைத் திணித்தால் காற்றும் போகும், ரத்த ஓட்டமும் குறையும். அம்மா சேலைதான் கட்டுவார் என்றால் கட்டட்டும், ஆனால் உள்ளே கம்பளி உள்ளாடையும் மேலே முழங்கால்வரை வரும் மழைக்கோட்டும் இருக்கட்டும்.

பிராந்தி குடித்தால் உடம்பு சூடாகும் என்பது பொய். மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும்; தோல் சுடுவதுபோல் தோன்றும், உள்வெப்பமோ வெளியே ஓடிக்கொண்டிருக்கும். சூடான தேநீர் போதும்.

இனி துறைமுகங்கள். நமக்குக் கைவசம் ஓர் அளவுகோல் இருக்கிறது: பினாங்கின் கொடிமலை, 833 மீட்டர். நார்வேயில் ஃப்ளாம் துறைமுகத்திலிருந்து 20 கிலோமீட்டர் ஏறி மிர்தாலுக்குப் போகும் ரயில் தொடும் உயரம் 867 மீட்டர். அலாஸ்காவின் ஸ்கேக்வேயிலிருந்து ஒயிட் பாஸ் கணவாய்க்கு ஏறும் ரயிலும் அதே உயரத்தை ஒட்டித்தான் போகிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற பள்ளிக் கணக்குப்படி மூன்றிலும் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி இறங்கும். நமக்கு 32 டிகிரி 26 ஆவது குளுமை. ஃப்ளாமில் 12 டிகிரியில் கிளம்பினால் மேலே 6 டிகிரி. ஃப்ளாம் ரயில் வழியில் சோஸ்ஃபோசன் அருவி எதிரே சில நிமிடம் நிற்கும். எல்லோரும் இறங்கி மேடைக்கு ஓடுவார்கள், அருவியின் சாரல் நேரே மேடைமீது விழும். நனைந்தபடி ஏறி அமர்ந்தால் மிச்சப் பயணம் முழுவதும் அந்த 240 கிலோஜூல் கணக்குத்தான். இறங்குமுன் மேலுறையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுங்கள்.

அலாஸ்காவின் கெச்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்குமேல் மழை, அதாவது பினாங்கைவிட அதிகம். நம் மழை கொட்டி ஓய்ந்துவிடும். அங்கே பெரும்பாலும் நாள் முழுக்கத் தூறல். பறவை இறகு அடைத்த ஜாக்கெட் நனைந்தால் இறகுகள் ஒட்டிச் சுருங்கிக் காற்றை விட்டுவிடும். அங்கே செயற்கை இழை அடைத்ததே நல்லது.

சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கவேண்டும் என்று முதலில் பாருங்கள். மலையேறும்போது உடம்பு 400 வாட்டுக்குமேல் தரும், திமிங்கிலம் பார்க்கப் போகும் படகில் 100தான். அந்தப் படகும் மணிக்கு 46 கிலோமீட்டர் ஓடினால் 10 டிகிரி முகத்துக்கு 6 டிகிரியாகும். அம்மாவுக்கு மூடிய அறை உள்ள படகாகக் கேளுங்கள். பனிப்பாறைமீது இறங்கும் ஹெலிகாப்டரைத் தாழ்ந்த மேகம் ரத்து செய்துவிடும். கப்பல் ஜூனோவுக்கு முதலில் போனால் அங்கேயே பதிந்துகொள்ளுங்கள். ரத்தானால் அடுத்து ஸ்கேக்வேயில் இன்னொரு வாய்ப்பு இருக்கும்.

நார்வேயின் கெய்ராங்கர் போன்ற இடங்களில் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகில் கரைக்குப் போகவேண்டிவரும். அலையில் கப்பல் ஒரு தாளத்திலும் படகு வேறொரு தாளத்திலும் ஏறி இறங்கும். இரண்டுக்கும் இடையில் கால் மாட்டக்கூடும் என்பதால்தான் காற்று கூடியதும் கேப்டன் இறக்குவதை நிறுத்திவிடுகிறார். கரையில் தனியாக முன்பணம் கட்டிய சுற்றுலா இருந்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டுவையுங்கள். படகு வரிசைக்கே ஒரு மணி நேரம் போகலாம், எனவே கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே சுற்றுலா முடியவேண்டும். ஜூனில் அலாஸ்கா நேரம் கனடாவின் வான்கூவருக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி கரையின் நேரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், கப்பல் தன் நேரத்திலேயே ஓடக்கூடும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசாவும் கனடா விசாவும் தனித்தனியாக வேண்டும். ஒயிட் பாஸ் ரயில்களில் சில கனடா எல்லையைத் தாண்டுபவை.

அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தில் இறங்கி ஆங்கரேஜ் நகருக்குப் போவதானால் நடுவே 4 கிலோமீட்டர் சுரங்கம். ஒரே தடத்தில் ரயிலும் காரும் மாறிமாறிப் போகும். விட்டியரிலிருந்து வெளியேற ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது திறப்பார்கள். தவறினால் அடுத்த மணிவரை காத்திருக்கவேண்டும். கேமராவோடு கப்பலுக்குத் திரும்பும்போது, கதவைத் தாண்டுமுன் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிவிடுங்கள். அறையின் ஈரம் பைக்கு வெளியே படியும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கண்ணாடி தெளிவாக இருக்கும்.